குடல்வாலைப் பங்கு போட்டவள்

போன மாதம் ஓசூரில் என் தங்கை மகனுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன். காலையில் படுத்தான், மறுநாள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். எடுத்ததைக் காட்டுங்கள் என்று அங்கிருந்த நர்ஸ் பெண்ணிடம் கேட்டேன். "அதெல்லாம் லேபுக்குப் போயிடுச்சும்மா. யாருக்கும் காட்டக்கூடாது, ரூல்ஸ்" என்றாள். நானும் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள்தான் என்றதும் அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. "உங்க காலத்துலயும் லேபுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். அனுப்புவோம், ஒரு தடவை மட்டும் முதலில் சொந்தக்காரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் வசூல் பண்ணி அனுப்பினோம் என்றேன். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. நர்சிங் படித்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கட்டில் விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது என்று கற்றுக்கொண்டேன். மற்றதையெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில்தான் கற்றுக்கொண்டேன். முப்பது கட்டில், ஒரு தியேட்டர், ஒரே ஒரு சர்ஜன். அவர் டாக்டர் சபாபதி. கும்பகோணம் பக்கத்து மனுஷர். எங்கள் ஊர் வெயிலையும் களியையும் கடைசிவரை மன்னிக்காதவர்.

அவர் கோபத்தை அளக்க ஒரு சுலபமான வழி இருந்தது. பேச்சில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று பார்த்தால் போதும். மனம் நன்றாக இருந்தால், "ஏ ஸ்டெல்லா, எருமை, அந்தக் கத்திரியக் குடு" என்பார். தியேட்டரில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவோம். "ஸ்டெல்லாம்மா" என்றால் ஏதோ சரியில்லை. "சிஸ்டர்" என்றால் தவறு நடந்துவிட்டது, அது என் தவறு. "தாங்கள்" என்று வந்துவிட்டால் அவ்வளவுதான். ஒரு முறை எண்ணிப் பார்த்ததில் பஞ்சு ஒன்று குறைந்தது. கம்பவுண்டரிடம் திரும்பி, "ஐயா, தாங்கள் தயவுகூர்ந்து அந்த வாளியை இன்னொரு முறை பார்த்தருள முடியுமா?" என்றார். பஞ்சு வாளியில்தான் இருந்தது. கம்பவுண்டர் சாயங்காலம் வரை அந்த வாளியைக் கையை விட்டு இறக்கவில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதை எடுத்தாலும், வயிற்றைத் தைத்து முடித்த கையோடு அதைத் தட்டில் வைத்து நீளவாக்கில் கீறித் திறந்து பார்ப்பார். சாதாரணக் குடல்வால்தானே என்று விடமாட்டார். "அறுத்தத தொறந்து பாக்காதவன் சர்ஜன் இல்ல, தையக்காரன்" என்பார். சந்தேகமாக இருந்தால் கெடாமல் இருக்க ஃபார்மலின் மருந்தில் போட்டு மெட்ராஸுக்கு அனுப்புவோம். சதையை மெலிசாகச் சீவிக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிற வசதி எங்களிடம் கிடையாது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. எடுத்ததைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். கல்லோ கட்டியோ, தியேட்டர் வாசலில் தட்டோடு காட்டினால்தான் வைத்தியம் நடந்ததாகக் கணக்கு. காட்டாவிட்டால் சும்மா கீறித் தைத்து அனுப்பிவிட்டார்கள் என்று சந்தையில் பேசுவார்கள். சில பேர் குப்பியில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோவார்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் மூத்திரக் கல்லை வைத்திருந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. டாக்டர் பார்த்து முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரத்னம்மா வந்தது ஒரு ராகி அறுப்புக் காலத்தில். பத்தொன்பது வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். பிறந்தது ராயக்கோட்டைப் பக்கம், வீட்டில் தெலுங்கு. வாழ்க்கைப்பட்டது சூளகிரியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், அங்கே கன்னடம். வெளியே எல்லோருக்கும் தமிழ். ஆறு மாதமாக விட்டு விட்டு வயிற்று வலி. மூன்று பாஷையிலும் வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். எதிலும் யாரும் நம்பவில்லை.

மாமியார் கெம்பம்மா என்னிடமே சொன்னாள். "களி கிண்டற நேரம் வந்தா இவளுக்கு வயித்து வலி வந்துருதும்மா. துன்னற நேரத்துல ஒரு நாளும் வந்ததில்ல."

ரத்னம்மாவின் அப்பா வெங்கடப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். மகளை அவர் தெலுங்கு வழக்கில் 'பிட்ட' என்றுதான் சொல்வார். "எங்க வூட்ல இருந்த வரைக்கும் எம் பிட்டைக்கு ஒரு தலைவலி வந்ததில்லீங்க. இவங்க போட்ட பழங்களிதான் கொடல அரிச்சிருச்சி."

புருஷன் என்று ஒருவனும் வந்திருந்தான். அவன் பேசி நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் முன்பே ஊரில் நாலு பேரை வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள். வயிற்றில் நிஜமாகவே ஏதாவது இருந்தால் புருஷன் வீட்டார் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் அவள் அப்பாவோடு போய்விட வேண்டும், திரும்பி வரக்கூடாது. ஆக அவர்கள் வந்தது வைத்தியத்துக்கு மட்டும் இல்லை, தீர்ப்புக்கு. கட்டிலில் கிடந்தவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் அவள் வலது அடிவயிற்றை மெதுவாக அமுக்கினார். பிறகு சட்டென்று கையை எடுத்தார். அமுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், கையை எடுத்ததும் அலறிவிட்டாள். "நடிக்கறவ அமுக்கறப்ப கத்துவா. இவ எடுக்கறப்ப கத்தறா" என்றார் என்னிடம். "ஏ எருமை, தண்ணி கொதிக்க வை."

கம்பவுண்டர் முகமூடித் துணியில் மயக்க மருந்தான ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ரத்னம்மா தெலுங்கில் ஏதோ எண்ணிக்கொண்டே உறங்கிப்போனாள். டாக்டர் சாய்வாக மூன்று விரல் நீளத்துக்குக் கீறினார். தசையை அவர் வெட்டமாட்டார். இழை ஓடுகிற திசையிலேயே மழுங்கிய முனையால் பிரித்துக்கொண்டு உள்ளே போவார். ஒரு விரலை விட்டுத் துழாவிக் குடல்வாலை வெளியே கொண்டுவந்தார். என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், சிவந்து வீங்கிக் கிடந்தது. நுனி மட்டும் வேறு மாதிரி. மொச்சைக்கொட்டை அளவுக்கு உருண்டு, கெட்டியாக, வெளிறிய மஞ்சள் நிறத்தில் இருந்தது.

அதற்கு வருகிற ரத்தக் குழாயைக் கட்டி வெட்டினார். அடியை இடுக்கியால் நசுக்கி, நசுங்கிய இடத்தில் கேட்கட் என்கிற, உள்ளேயே கரைந்துவிடும் நூலால் கட்டி, கட்டுக்கு மேலே வெட்டி எடுத்தார். மிச்சமிருந்த குட்டி முனையில் கார்பாலிக் தடவி, சுற்றிலும் சுருக்குப்பை வாயைத் தைப்பது போலத் தைத்து, உள்ளே தள்ளி மூடினார். அப்போதும் அவர் கண் தட்டிலேயே இருந்தது. "நுனியில என்னமோ இருக்கு. வை, தைச்சிட்டுப் பாக்கறேன்" என்றார்.

கடைசித் தையல் போடும்போது வாசலில் கூச்சல். பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கட்டை வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு நாளாகப் பிரசவ வலி, குழந்தையின் கை மட்டும் வெளியே வந்திருந்தது. டாக்டர் வாசலுக்கு ஓடினார். போகிற போக்கில், "டேபிளக் காலி பண்ணு. தட்டுல இருக்கறத யாரும் தொடாதீங்க" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். எனக்குக் காது கேட்கவில்லை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

ரத்னம்மாவை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனதும் கெம்பம்மா தியேட்டர் கதவை இடித்தாள். "காட்டு! ஏதாச்சும் எடுத்தீங்களா, இல்ல சும்மா கீறிவுட்டீங்களா?" கதவு உடைந்துவிடும் போலிருந்தது. ஒரு நொடி காட்டிவிட்டு உள்ளே கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

தட்டைப் பார்த்ததும் கெம்பம்மாவின் முகம் மாறியது. இருக்கிறது என்றாகிவிட்டதே. ஆனால் அசந்துபோகிற ஆள் இல்லை அவள். அடுத்த மூச்சிலேயே, "பாத்தீங்களா, எப்பிடி முத்திக் கெடக்குதுன்னு! ஒரு வருஷத்துல வர்றதா இது? பொறந்த வூட்ல இருந்தே கொண்டாந்த சொத்த. ஊர்ல காட்டணும், குடு" என்று தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

மறுபக்கத்தை வெங்கடப்பா பிடித்தார். "எம் பிட்ட பொய் சொல்லலேன்னு இதுதாம்மா சாட்சி. எங்க ஊர்லதான் காட்டணும். உட மாட்டேன்."

உள்ளேயிருந்து டாக்டர் கத்தினார். "ஏ ஸ்டெல்லா, எங்க போய்த் தொலைஞ்ச? கத்தியெல்லாம் கொதிச்சுதா?" மேஜைமேல் ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் இரண்டு குடும்பம் தட்டை இழுக்கிறது. என் கையில் கத்திரி இருந்தது. நடுவாக ஒரே வெட்டு.

இரண்டு பேரும் தட்டை விட்டார்கள். பிறகு வெங்கடப்பா நுனியைக் காட்டி, "தலப்பக்கம் எங்களுக்கு" என்றார். "வேருதான் முக்கியம், வேரக் குடு" என்றாள் கெம்பம்மா. இரண்டு காலி மருந்துக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி, ஆளுக்கு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன். சண்டை தீர்ந்தது என்ற சந்தோஷம் வேறு. அன்றைக்குத் தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. டாக்டர் என்னை இரண்டு தடவை எருமை என்றார். அவர் மறுநாள் விடிந்ததும் ஏதோ கூட்டத்துக்காகச் சேலம் போய்விட்டார்.

மூன்றாம் நாள் வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கொடல்வால் எங்க?"

"குடுத்துட்டேன் டாக்டர்."

"யாருக்கு ஸ்டெல்லாம்மா?"

"அவங்க அப்பாவுக்கு."

"ஆள் அனுப்பி வாங்கிடு."

"அவர்ட்ட பாதிதான் இருக்கு டாக்டர்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "மீதி, சிஸ்டர்?"

"மாமியார்ட்ட."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்து நின்று எனக்குக் கை கூப்பினார். "சிஸ்டர் அவர்களே, தாங்கள் விநியோகித்த பிரசாதத்தைத் தாங்களே திரட்டிக்கொண்டு வந்தருள வேண்டும்."

 அவர் உட்கார்ந்து, மரியாதை குறையாமலேயே விஷயத்தைச் சொன்னார். குடல்வாலில் புற்றுநோய் வருவது அபூர்வத்திலும் அபூர்வம். இத்தனை வருஷத்தில் அவர் புத்தகத்தில் படித்ததோடு சரி, கண்ணால் பார்த்ததில்லை. அந்த மஞ்சள் நுனி அதுவாக இருக்கலாம். நுனியைப் பார்த்தால் என்ன வியாதி என்று தெரியும். வேரைப் பார்த்தால்தான் அது முழுவதும் வெளியே வந்துவிட்டதா, இல்லை உள்ளேயும் மிச்சம் இருக்கிறதா என்று தெரியும். "மிச்சம் இருந்தா அந்தப் பொண்ணை மறுபடி தொறந்து, வலது பக்கத்துக் குடல்ல பெரும் பகுதியை எடுக்கணும். இந்த ஆஸ்பத்திரியில, இந்தக் கையால. பொழைப்பாளான்னு தாங்கள் என்னைக் கேக்காதீங்க" என்றார்.

வெளியே வந்து ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழுதேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் அழுதது என் வேலை போய்விடும் என்றுதான். பிறகுதான் ரத்னம்மாவுக்காக அழுதேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ராயக்கோட்டை போனேன். காய்கறிக் கூடைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டு. வெங்கடப்பாவைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சந்தையில் ஒரு டீக்கடையில் குப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்தார். துண்டு பத்திரமாக ஸ்பிரிட்டில் மிதந்தது. கேட்டேன். தரமாட்டேன் என்று இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அப்போதுதான் என் வாயில் அந்தப் பொய் வந்தது. "மெட்ராஸ்ல பெரிய டாக்டர் இருக்காருங்க. இதப் பூதக்கண்ணாடியில வெச்சுப் பாத்தா, எப்ப வந்த வியாதின்னு எழுதிக் குடுத்துருவாரு. கல்யாணத்துக்கு முன்னயா, பின்னயான்னு தெரிஞ்சிரும்."

வெங்கடப்பா குப்பியை இடுப்பிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். "பின்னதாம்மா. எழுதி வாங்கியாந்துருங்க."

சூளகிரியில் இறங்கி ராகிக் கொல்லைகள் நடுவே ஒரு மணி நேரம் நடந்தேன். கெம்பம்மாவிடமும் அதே பொய். அவளும் அதே வேகத்தில் உள்ளே போனாள். "முன்னதாம்மா, சந்தேகமே வேணாம்" என்று சொல்லிக்கொண்டே குப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டியவள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். குப்பியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் இல்லை. அடியில் காய்ந்த மிளகாய்க் காம்பு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போது எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு. மைசூர் எல்லையைத் தாண்டினால் கடை உண்டு. ஆனால் அதற்கு நடக்க வேண்டும். கெம்பம்மாவின் கொழுந்தனுக்கு நடக்கச் சோம்பல். வீட்டுக்குள்ளேயே ஸ்பிரிட் வந்து சேர்ந்தபோது அவன் அதைக் கடவுள் செயல் என்று நினைத்திருக்கிறான். கெம்பம்மா முறத்தை எடுத்து அவன் தலையில் நாலு போட்டாள். அவன் தடுக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. "கொஞ்சம் கருவாட்டு வாசன இருந்துச்சி சிஸ்டரம்மா. மத்தபடி நல்ல சரக்கு" என்று என்னிடம் சொன்னான். அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோட்டுக்கு நடந்து வரும்போதுதான் சிரிப்பு போய், கையில் இருந்த அந்தக் காம்பு எவ்வளவு முக்கியம் என்பது உறைத்தது.

டாக்டர் இரண்டையும் மேஜைமேல் வைத்துப் பார்த்தார். காய்ந்த கதையைச் சொன்னேன். "அவருக்குத் தாங்கள் ஊறுகாய் கொடுக்கவில்லையா, சிஸ்டர்?" என்றார். பிறகு மெட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். குடல்வால் ஒன்று, துண்டுகள் இரண்டு, இரண்டாவது துண்டு உலர்ந்துவிட்டது, காரணத்தை நேரில் சொல்கிறேன் என்று. என் பெயரை அதில் எழுதவில்லை. கம்பவுண்டர் சாமல்பட்டி ஸ்டேஷனுக்குப் போய் பார்சலை ரயிலில் ஏற்றிவிட்டு வந்தார்.

ரத்னம்மாவுக்கு எட்டாம் நாள் தையல் பிரித்தாயிற்று. காயம் தழும்பாகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு அனுப்பவில்லை. காயம் இன்னும் ஆறவில்லை என்று வீட்டாரிடம் சொன்னோம். அவள் வார்டில் மற்றவர்களுக்குத் தலை வாரிவிட்டாள், பேண்டேஜ் சுருட்டினாள், நன்றாகச் சாப்பிட்டாள். ஒரு நாள் பேண்டேஜ் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "எனக்கு அப்புறம் வந்தவங்கள்லாம் போய்ட்டாங்க சிஸ்டரம்மா. எங்கிட்ட என்னா மறைக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல, சும்மா இரு."

"அது எப்பிடி இருந்துச்சி? எங்க ஊரே பாத்துச்சாம். அவங்க ஊரே பாத்துச்சாம். நான்தான் பாக்கல."

மயக்கத்தில் இருந்தவளுக்கு யார் காட்டியிருக்கிறோம்? அப்படி ஒரு யோசனையே எங்களுக்கு வந்ததில்லை. நாத்தமாக இருந்தது என்று ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தேன். அன்றைக்கு முழுவதும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மெட்ராஸிலிருந்து முதல் கடிதம் வந்தது. நுனியில் இருப்பது கார்சினாய்ட் என்கிற கட்டி. உலர்ந்த துண்டை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறேன், பதமாகிச் சீவிப் பார்க்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், உறுதி சொல்ல முடியாது. கீழே பேனாவால் ஒரு வரி: இனிமேல் உறுப்புகளைப் பாகப்பிரிவினை செய்யாமல் அனுப்பவும்.

"கார்சினாய்ட்னா புத்துநோயா டாக்டர்?"

"அந்தக் குடும்பந்தான் சிஸ்டர். ஆனா அந்தக் குடும்பத்துலயே இவன் சோம்பேறி. பொறந்த எடத்துலயே உக்காந்திருப்பான். நுனியோட போயிருந்தா இத்தோட சரி. வேர் வரைக்கும் வந்திருந்தா, சோம்பேறின்னு நம்பி விட முடியாது."

அந்த நாட்கள் நகரவே இல்லை. டாக்டர் சேலத்திலிருந்து குடலைப் பிடிக்கும் நீள இடுக்கிகளை இரவல் வாங்கிவரச் செய்தார். குடல் நசுங்காமல் இருக்க அவற்றின் பல்லுக்கு மெல்லிய ரப்பர் குழாய் மாட்ட வேண்டும். அதை நான் மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். டாக்டர் ஒரு காகிதத்தில் குடலை வரைந்து, எங்கே வெட்டி எங்கே சேர்ப்பது என்று கோடு போட்டுக்கொண்டே இருந்தார். யார் யார் ரத்தம் அவளுக்கு ஒத்துப்போகும் என்று எங்கள் எல்லோரையும் குத்திப் பார்த்தார். எனக்கு ஒத்துப்போனது. தேவைப்பட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "நன்றி சிஸ்டர்" என்றார். அந்த நன்றியைக் கேட்பதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது கடிதம் ஒரு காலையில் வந்தது. டாக்டர் அறையில் நின்றபடியே உறையைக் கிழித்தார். நான் வாசலில் ரப்பர் குழாயோடு நின்றேன். அவர் மேலிருந்து கீழே படித்தார். மறுபடி கீழிருந்து மேலே பார்த்தார்.

"ஏ எருமை, இங்க வா. படி இத."

எனக்கு எழுத்தே தெரியவில்லை, கண்ணில் அவ்வளவு தண்ணீர். ஊறிய துண்டு சீவலுக்கு வந்துவிட்டது. வெட்டிய இடத்தில் கட்டி இல்லை. நுனியோடு நின்றுவிட்டது. இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை, வருஷத்துக்கு ஒரு முறை வயிற்றைப் பரிசோதித்தால் போதும். (நான் அந்த ஆஸ்பத்திரியில் இருந்த வரை ஒரு வருஷமும் தவறாமல் வந்து காட்டினாள். ஒன்றும் வரவில்லை.)

மெட்ராஸ் கடிதம் வந்துவிட்டது என்ற செய்தி ஆஸ்பத்திரியை விட்டு எப்படி வெளியே போனது என்று தெரியாது. கம்பவுண்டர் வாயாகத்தான் இருக்கும். மறுநாள் பத்து மணிக்கெல்லாம் இரண்டு வீட்டாரும் வராந்தாவில் கூடிவிட்டார்கள், ஊர்ப் பெரியவர்கள் சகிதம். முன்னயா, பின்னயா? வியாதி இருந்தது என்றானதும், அது எந்த வீட்டில் வந்தது என்பதுதான் இப்போது வழக்கு. என் பொய்க்குத் தீர்ப்பு கேட்டு வந்திருந்தார்கள். ரத்னம்மாவின் துணி மூட்டை வராந்தாவில் நடுவே கிடந்தது. எந்தப் பக்கம் போவது என்று முடிவாகாத மூட்டை.

அந்தக் காலத்தில் இந்த மாதிரி வியாதியை நோயாளியிடம் சொல்வது கிடையாது. புருஷனைக் கூப்பிட்டுச் சொல்வோம், இல்லாவிட்டால் அப்பாவை. டாக்டரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குத்தான் கிளம்பினார். போகிற வழியில் தழும்பை ஒரு தரம் பார்க்கலாம் என்று ரத்னம்மாவின் கட்டிலருகே நின்றார். அவள் எழுந்து உட்கார்ந்து, அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"அது என்னுதுதானுங்களே டாக்டரய்யா? மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இடுப்பில் சாவியைத் தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயரைச் சொன்னார். அது என்ன குடும்பம் என்பதையும் சொன்னார். எங்கே இருந்தது, எங்கே நின்றது, இனி என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னார். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"செத்துருவனா?"

"இதுல சாகமாட்ட."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பயத்தில் அழுத மாதிரி எனக்குத் தெரியவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவங்ககிட்டயும் சொல்லப் போறீங்களா?"

"சொல்றதுதாம்மா வழக்கம்."

"அவங்களுக்குத்தான் ஆளுக்குப் பாதி குடுத்துட்டீங்களே. இதையாச்சும் எனக்கு முழுசா குடுங்க."

எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு போய்விடலாம் போலிருந்தது. டாக்டர் தழும்பைப் பார்க்க மறந்துவிட்டார். எழுந்து, அந்தக் கடிதத்தில் இருந்ததைத் தன் நோட்டில் வரி விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு கடிதத்தை அவளிடம் கொடுத்தார். இங்கிலீஷில் டைப் அடித்த கடிதம். அவளுக்குத் தெலுங்கே எழுதப் படிக்கத் தெரியாது. அதை நாலாக மடித்து, இன்னும் இரண்டாக மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

வராந்தாவில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். டாக்டர் கை கூப்பினார். "பெரியோர்களே, தாங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்கு வந்தனம்" என்று ஆரம்பித்தார். நானும் கம்பவுண்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "மெட்ராஸ்லேர்ந்து கடுதாசி வந்திருக்கு. அது யாருக்குச் சேரணுமோ அவங்ககிட்ட குடுத்தாச்சு. தாங்கள் கேக்கணும்னா அவங்களையே கேளுங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ரத்னம்மா வார்டு வாசலில் நின்றிருந்தாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவளிடம் ஒரு விஷயத்தை அவர்கள் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எழுதியிருக்குதா?" என்றாள் கெம்பம்மா.

"எழுதியிருக்கு."

"என்னான்னு? முன்னயா, பின்னயா?"

வெங்கடப்பா கழுத்தை நீட்டினார். புருஷன்காரன்கூட நிமிர்ந்து பார்த்தான். ரத்னம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் பொய் சொல்லலன்னு எழுதியிருக்கு."

ஊர்ப் பெரியவர்களில் ஒருத்தர், "அப்ப ஊர்ல பேசுனபடிதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.  ரத்னம்மா படியிறங்கி, மூட்டையைத் தூக்கக் குனிந்தாள். கெம்பம்மா அவளை முந்திக்கொண்டு போய் மூட்டையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "தழும்பு வெச்சிக்கினு குனியாத, நட" என்றாள். ரத்னம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, சூளகிரி பஸ் நிற்கும் இடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் நடந்து போனாள்.